குடல் நுண்ணுயிரிகளும் உணவு ஒவ்வாமையும்

நாம் உண்ணும் உணவும் உடலுக்கு அயற்பொருளே. அயற்பொருளை எதிர்ப்பது உடலின் இயல்பு. எனினும், பாலையும் பருப்பையும் அது எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்கிறது. இப்பொறுமையை உடல் எங்ஙனம் பெறுகிறது?

சிறுகுடலின் உட்பரப்பை ஒரேயோர் உயிரணு அடுக்கு போர்த்தியுள்ளது. அதன் சில உயிரணுக்கள் கோழையைச் சுரந்து அரண் அமைக்கின்றன. குடற்சுவரிலுள்ள வேறு சில உயிரணுக்கள் உணவுப் புரதத்தின் துணுக்குகளை நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கு உருவாகும் ஒழுங்குபடுத்தும் ‘டி’ அணுக்கள், அப்புரதத்தை எதிர்க்கவேண்டா எனத் தடுத்துவிடுகின்றன.

இவ்வேற்பாடு பிறழுமாயின், உடல் அவ்வுணவுக்கு எதிராக ‘இம்யூனோகுளோபுலின் ஈ’ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. மீண்டும் அவ்வுணவை உண்ணும்போது ஹிஸ்டமின் முதலியன வெளிப்பட்டுத் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றுகின்றன. சில வேளைகளில் உயிருக்கே இடர் நேர்கிறது.

இதில் குடல் நுண்ணுயிரிகளுக்கும் பங்குண்டு. 2014-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிகளைக் கொண்டு இதனை விளக்கினர். நுண்ணுயிரி அற்ற எலிகளும், இளமையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெற்ற எலிகளும் வேர்க்கடலைப் புரதத்துக்கு எளிதில் ஒவ்வாமை கொண்டன. கிளாஸ்ட்ரிடியா வகை நுண்ணுயிரிகளைக் குடலில் சேர்த்ததும் காப்புக் கிட்டியது. குடலரண் வலுவுற்று, குருதியில் கலக்கும் கடலைப் புரதமும் குறைந்தது. எனினும், எலிகளில் கண்டது மனிதருக்குரிய மருத்துவமாக இன்னும் முதிரவில்லை.

குழந்தைகளிடம் உறுதிப்பட்ட சான்று வேறொன்று உண்டு. 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஒவ்வாமைக்கு இலக்காகக்கூடிய 640 குழந்தைகள் இடம்பெற்றனர். முதலாண்டிலேயே தொடங்கி ஐந்து வயதுவரை வேர்க்கடலை உணவு பெற்றவர்களிடம், அதனைத் தவிர்த்தவர்களைவிட, கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. தவிர்ப்பதே காப்பு என்னும் பழைய கருத்து இதனால் தளர்ந்தது.

இவற்றால் பெறப்படும் படிப்பினைகள் எளியவை. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பாலே போதிய உணவு. குடலின் நன்மை தரும் நுண்ணுயிரிகளையும் அது வளர்க்கிறது. பின்னர்ப் பலவகை உணவுகளைக் குழைத்துப் படிப்படியாகப் பழக்கவேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்குமாதலால் ஆகாது. மருத்துவர் கூறாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொடுத்தல் தகாது. கடுந்தோலழற்சியோ ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு, மருத்துவரின் அறிவுரை பெற்ற பின்னரே புதிய உணவைத் தொடங்கவேண்டும்.