கொள்ளை நோய்க் காலத்தில் செவிலியரும் சமூகத் துணையும்

கொள்ளை நோய் பரவும்போது மருந்து, படுக்கை, பிராணவாயு ஆகியவற்றின் இருப்பை அரசாங்கங்கள் நாள்தோறும் கணக்கிடுகின்றன. இவற்றை நோயாளிக்குப் பயன்படச் செய்பவர் செவிலியரே ஆவர். அவர் பணியை விட்டு அகன்றால், படுக்கை இருந்தும் பயனில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 2 கோடியே 79 லட்சம் செவிலியர் இருந்தனர். மேலும் 59 லட்சம் பேர் தேவைப்பட்டனர். நம் நாட்டில் ஒரு செவிலியரைப் பயிற்றுவிக்க மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும். நோயோ அதுவரை காத்திராது. ஆகவே, பணியில் உள்ளோர் நிலைத்திருப்பதற்கு வேண்டுவன யாவை என்பது ஆராயத்தக்கதாகும்.

ஊதியமும் பாதுகாப்பு உடையும் இன்றியமையாதனவே. அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொன்று சமூகத் துணை. அமெரிக்க சமூகவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981-இல் இதனை நான்கு வகையாகப் பகுத்தார். அன்பும் பரிவும் காட்டுதல் முதல் வகை. பொருள், உழைப்பு போன்றவற்றால் நேரடியாக உதவுதல் இரண்டாவது. தக்க தகவலையும் அறிவுரையையும் அளித்தல் மூன்றாவது. ஒருவர் தம் செயலைத் தாமே மதிப்பிட்டுக் கொள்வதற்குத் துணையாகும் கருத்தை எடுத்துரைத்தல் நான்காவது.

இத்துணை எவ்வாறு பயன்படுகிறது? வில்வண்டியில் பொருத்திய வில், பாதையின் மேடுபள்ளங்களை அகற்றுவதில்லை. அவற்றின் அதிர்ச்சியையே தணிக்கிறது. சமூகத் துணையும் இத்தகையதே என்பது, உளவியலார் ஷெல்டன் கோஹன், தாமஸ் வில்ஸ் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வினால் விளங்கும். ஆனால், துணையானது தேவைக்குப் பொருந்தியதாய் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டு அநுபவம் இதனைத் தெளிவாக்குகிறது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா நோய் தோன்றியது. பேராம்பிரா தாலூகா மருத்துவமனையில் நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினி அந்நோய்க்கே இரையானார். நாடு முழுவதும் அவரைப் போற்றியது. அவர் கணவருக்கு மாநில அரசாங்கம் வேலை அளித்தது. அதே நாட்களில் அவருடைய சக செவிலியர், பஸ்ஸிலும் ஆட்டோ ரிக்ஷாவிலும் பிறர் தங்களைக் கண்டு விலகுவதாக முறையிட்டனர். இறந்தவருக்குப் புகழும், உயிரோடு பணிபுரிவோருக்கு ஒதுக்கமும் கிடைத்தன.

2020-ஆம் ஆண்டிலும் இம்முரண்பாடு தோன்றியது. கோவிட் நோய்க் காலத்தில், மார்ச்சு 22 அன்று மாலை ஐந்து மணிக்கு மக்கள் கைதட்டியும் மணி ஒலித்தும் மருத்துவப் பணியாளர்க்கு நன்றி கூறினர். இரண்டே நாட்களில், மருத்துவப் பணியாளரை வீட்டைக் காலி செய்யுமாறு வற்புறுத்தும் வீட்டு உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்குமாறு டில்லி அரசாங்கம் ஆணையிட நேர்ந்தது. மே மாதத்தில், கல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றிய மணிப்பூர் முதலிய மாநிலங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான செவிலியர் சொந்த ஊர் திரும்பினர். நோயச்சம், ஊதியக் குறை, பெற்றோரின் கவலை, அண்டை அயலாரின் வெறுப்பு ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. ஒருவர் சென்றால் அவர் சுமை எஞ்சியோர்மீது ஏறுகிறது. அவர்களும் செல்ல எண்ணுகின்றனர்.

கைதட்டல் பரிவைக் காட்டியது. ஆனால் தேவைப்பட்டது உறைவிடம். இதுவே பொருந்தாத் துணை. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க, 1897-ஆம் ஆண்டின் கொள்ளை நோய்ச் சட்டம் 2020 ஏப்ரலில் அவசரச் சட்டத்தால் திருத்தப்பட்டது. தண்டனை தீங்கைத் தடுக்கலாம். துணையின் இடத்தை அது நிரப்பாது.

எனவே கடமைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். உறைவிடமும் வாகனமும் மருத்துவமனை நிர்வாகத்தின் பொறுப்பு. அன்றைய அபாயம் யாது, எந்த உடை அணிய வேண்டும் என்பவற்றை முறைப்பணி தொடங்குமுன் கூறுதலும், பணி முடிவில் செய்த வேலையை மதித்துப் பேசுதலும் தலைமைச் செவிலியரின் பொறுப்பு. பரிவு குடும்பத்தாரிடமிருந்து வர வேண்டும். அவர்களுடைய ஐயங்களைத் தீர்க்க மருத்துவமனை முன்வருதல் நன்று. அண்டை வீட்டார் செய்யத்தக்கது எளியது: பணி முடிந்து திரும்பும் செவிலியருக்கு வழக்கம்போல் பாலும் காய்கறியும் கிடைக்கச் செய்தலே போதும்.

இவ்வேற்பாடுகளை நோய் வந்தபின் தேடுதல் அரிது. அமைதிக் காலத்திலேயே மருந்தைச் சேமிப்பதுபோல, இவற்றையும் ஆயத்தம் செய்து வைத்தல் அறிவுடைமையாகும்.