குணமறிந்து உரையாடல்

ஒரு குழுவின் பணி தடைப்படுவதற்குத் திறமைக் குறைவு மட்டுமே காரணமன்று. ஒருவர் கூறுவதை மற்றவர் வேறாகக் கொள்வதும் காரணமாகும். இத்தடையை நீக்க, உடன் பணிபுரிவோரின் ஆளுமைப் பாங்கை அறிந்து பேசுதல் நன்று என உளவியலார் கூறுவர்.

மாந்தர் குணங்களை வகைப்படுத்தும் முயற்சி தொன்மையானது. கிரேக்க மருத்துவரும், பின்வந்த இப்னு சீனாவும் உடலின் நான்கு நீர்மங்களைக் கொண்டு மனித இயல்பை விளக்கினர். 1921இல் கார்ல் யுங் அகமுக, புறமுக இயல்புகளை எடுத்துரைத்தார். 1928இல் வில்லியம் மார்ஸ்டன் என்னும் அமெரிக்க உளவியலார் நால்வகைப் பாங்குகளை வகுத்தார். அவற்றை இன்று முனைப்பு, ஈர்ப்பு, நிதானம், நுணுக்கம் எனக் கூறலாம்.

சான்றாக, ஒரு மலர்க்குழுவை எடுத்துக்கொள்வோம். முனைப்புடையவர், "அச்சுக்கு என்று செல்லும்?" என்பார், அவரிடம் முடிவை முதலில் கூறவேண்டும். ஈர்ப்புடையவர் புதிய கருத்துகளை அடுக்குவார். ஆர்வத்துடன் கேட்டு, முடிவானதை எழுதிக் கொடுத்தல் வேண்டும். நிதானமுடையவர் திடீர் மாற்றத்தை விரும்பார். அவருக்கு முன்கூட்டியே தெரிவித்தல் நலம். நுணுக்கமுடையவர் பிழைகளைச் சுட்டுவார். அதனைக் குறைகூறலாகக் கொள்ளாது, மெய்ப்புத் திருத்த உரிய காலம் அளித்தல் வேண்டும்.

எனினும் இவ்வகைப்பாட்டிற்கு எல்லை உண்டு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்பார் 39 மாணவர்க்கு ஒரே குணவிளக்கத்தை, ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே எழுதியதுபோல் வழங்கினார். அது தமக்குப் பொருந்துவதாகக் கருதிய மாணவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் அளித்தனர்! பொதுவான சொற்களையும் நம்முடையனவாகக் கொள்ளும் மனம் நமக்குண்டு என்பதை இது காட்டுகிறது.

மேலும், நம் பணியிடங்களில் இளையவரின் மௌனம் எப்போதும் இயல்பன்று. மூத்தோர்பால் கொண்ட மதிப்பாகவோ அச்சமாகவோ இருக்கலாம். "அவர் அமைதியானவர்" என முடிவுகட்டி அவர் கருத்தைக் கேளாதொழிந்தால், நல்லதொரு யோசனையைக் குழு இழக்கும். மூத்தவரே அவரை அழைத்து, "தம்பி, உங்கள் எண்ணம் யாது?" எனக் கேட்டல் வேண்டும்.

குறிப்பறிதல் என்னும் தலைப்பில் வள்ளுவர் பொருட்பாலிலும் இன்பத்துப்பாலிலும் அதிகாரம் அமைத்துள்ளார். அரசவையாயினும் இல்லமாயினும் பிறர் உள்ளமறிதல் இன்றியமையாதது என்பது இதனாற் பெறப்படும். ஆகவே, ஆளுமைப் பாங்குகளைப் பிறருக்கு முத்திரை குத்தும் கருவியாக்காமல், நம் பேச்சைத் திருத்திக்கொள்ளும் அளவுகோலாகக் கொள்வோமாக.