ஆட்டிசம் உள்ளவருக்கும் நம் கடையில் வேலை உண்டு

வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது இன்று நம்மில் பலரும் சொல்லும் குறை. அதே ஊரில், வேலை செய்யும் திறமை இருந்தும் யாரும் கூப்பிடாததால் வீட்டிலேயே இருக்கும் இளைஞர்களும் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் அவர்களில் ஒரு பிரிவினர். "எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையின் கதி என்ன?" என்பதே பெற்றவர்களின் ஓயாத கவலை. அதைக் குறைக்க வணிகர்களாகிய நம்மால் ஆவது என்ன என்று பார்ப்போம்.

ஆட்டிசம் என்பது என்ன?

இது தொற்றுநோய் அன்று. வளர்ப்பில் வந்த குறையும் அன்று. மூளை வளர்ச்சியில் இளமையிலேயே அமைந்துவிட்ட ஒரு வேறுபாடு. 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் இதைப்பற்றி விரிவாக எழுதினார். பிறர் முகக்குறிப்பையும் மறைபொருளையும் புரிந்துகொள்வது இவர்களுக்குக் கடினம். சிலருக்கு இரைச்சலோ நெடியோ பொறுக்காது. சிலருக்குப் பேச்சு வராது. சிலர் பட்டப்படிப்பே முடித்திருப்பார்கள். ஆகையால் ஒருவரைப் பார்த்து இன்னொருவரை எடை போடக்கூடாது.

என்ன வேலை கொடுக்கலாம்?

பொட்டலம் கட்டுதல், லேபிள் ஒட்டுதல், காலாவதித் தேதி பார்த்துச் சரக்கை அடுக்குதல், பில்லோடு சரக்கைச் சரிபார்த்தல், கணினியில் இருப்பு ஏற்றுதல் ஆகியவை ஒரே ஒழுங்கில் நடக்கும் வேலைகள். நமக்குச் சலிப்புத் தட்டும் இவ்வேலைகளை இவர்களில் பலர் கவனம் சிதறாமல் செய்வார்கள். வாடிக்கையாளரிடம் பேசுவதில் விருப்பமுள்ளவரும் உண்டு. எதில் விருப்பம் என்று அவரையே கேட்பது நல்லது.

நம் பேச்சு மாற வேண்டும்

"கொஞ்சம் கடையைப் பார்த்துக்கோ", "மூட்டையை அப்படி ஓரமாப் போடு", "ரெண்டு நிமிஷத்துல வர்றேன்" என்பது நம் கடைப் பேச்சு. எதைப் பார்ப்பது? எந்த ஓரம்? இரண்டு நிமிடம் என்றவர் ஒரு மணி நேரமாக வரவில்லையே! சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்பவர் இதில் திகைத்துப்போவார். "துவரம்பருப்பு ஒரு கிலோ பொட்டலம் 50 கட்டி மூன்றாம் தட்டில் வை, முடிந்ததும் என்னிடம் சொல்" என்றால் குழப்பமில்லை. இப்படிச் சொல்வது மற்றப் பணியாளர்களுக்கும் நன்மையே.

செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

1. கேள்வி கேட்டுத் தேர்வு செய்வதைவிட, வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசாதது மரியாதைக் குறைவு அன்று.

2. அன்றைய வேலையை வரிசையாக எழுதியோ படமாகவோ ஒட்டிவையுங்கள்.

3. லோடு இறங்கும் இடத்தைவிட்டுத் தள்ளி இடம் கொடுங்கள். தீபாவளி நேரத்தில் வேலை நேரம் மாறினால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

4. பொறுமையுள்ள மூத்த பணியாளர் ஒருவரைத் துணையாக வையுங்கள். கேலிக்கும் பட்டப்பெயருக்கும் இடம் கொடாதீர்கள்.

சட்டம் சொல்வது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. ஆட்டிசம் அவற்றில் ஒன்று. அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. தனியார் கடைகளுக்கு அந்த ஒதுக்கீடு கட்டாயமில்லை. எனினும் தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் இருந்தால், அவர்களுக்கு ஏற்ற வேலைகள் எவை, தேர்வு முறை என்ன என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

கூலியில் நேர்மை

"பாவம் என்று வைத்திருக்கிறேன்" எனச் சொல்லி அரைச் சம்பளம் கொடுப்பது தர்மம் ஆகாது. வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைப்பவரை நாம் வணிகர் என்று மதிப்பதில்லை. கூலிக்கும் அதே நியாயம்தான். வேலை சரியாக நடந்தால் கூலியும் முழுதாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை கடையில் ஓர் இடம் காலியானால், ஆட்டிசம் உள்ள ஒருவரையும் அழைத்துப் பாருங்கள். தம் பிள்ளை மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கி வருவதைப் பார்க்கும் பெற்றோருக்கு, எதிர்காலத்தைப்பற்றிச் சிறிதாவது தைரியம் பிறக்கும். நமக்கும் நம்பி வேலையை ஒப்படைக்க ஓர் ஆள் கிடைப்பார்.