அம்மாவின் பெட் ஸ்கேன் அறிக்கை

அன்பு மகள் யாழினிக்கு,

'கருப்பையில் எஃப்டிஜி ஏற்பு மிகுதி' என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, மார்பகப் புற்று கருப்பைக்கும் பரவிவிட்டதென்று முடிவுகட்டியிருக்கிறாய். உன் அம்மா, என் அக்கா, சாப்பாட்டையே தொடவில்லையாம். கொஞ்சம் பொறு, கண்ணு.

பெட் ஸ்கேன் பார்ப்பது சர்க்கரை எங்கே போகிறது என்பதை. கதிரியக்க ஃப்ளோரின் கோத்த குளுக்கோஸை (அதுதான் எஃப்டிஜி) ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம்போல ஓய்வில் இருக்கச் சொல்லி, எந்தத் திசு அதை அதிகம் இழுக்கிறது என்று படம் பிடிக்கிறார்கள். புற்றணு நிறைய இழுக்கும். மூளையும் இழுக்கும். மாதவிடாய் நிற்காத பெண்ணின் கருப்பை உள்வரி, மாதவிடாய் நாள்களிலும் கருமுட்டை வெளியாகும் சமயத்திலும் நன்றாகவே ஒளிரும். சில நார்க்கட்டிகளும் அப்படித்தான். அக்காவுக்கு வயது 44. நார்க்கட்டி இருப்பதும் பழைய சங்கதி.

ஆகவே முதலில் காலண்டரைப் பார். ஸ்கேன் எடுத்த அன்று மாதவிடாயா? கடைசியாக வந்த தேதி என்ன? கீமோவில் அது தாறுமாறாகும், அதனால் ஒவ்வொரு முறையும் குறித்து வை. நம் பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. படத்தை வாசிக்கும் டாக்டருக்கு, யாராவது எழுதிக்கொடுத்தால்தானே தெரியும்? நார்க்கட்டிக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தது கிள்ளானில், சிகிச்சை கோலாலம்பூரில், பெட் ஸ்கேன் புத்ராஜெயாவில். ஓரிடத்துப் படம் தானாக மற்றோரிடத்துக்குப் போய்ச் சேருமென்று நம்பியிராதே, கையோடு கொண்டுபோ. ஒளிர்வது பழைய நார்க்கட்டி இருந்த அதே இடத்தில், அதே அளவில் இருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். தீராவிட்டால் எம்ஆர்ஐ எடுக்கலாம். மாதவிடாய் முடிந்து சில நாள் கழித்து மறுபடி ஸ்கேனும் பார்க்கலாம்.

பிறகு டமோக்சிஃபென் கொடுத்தால் இதே கலக்கம் திரும்ப வரக்கூடும். 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு சாப்பிடும் மாத்திரை அது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும். கருப்பையிலோ ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்யும். நார்க்கட்டி வளரலாம், பாலிப் வரலாம். உள்வரிக்கு அடியில் நுண்ணிய நீர்ப்பைகள் உண்டாகி, அல்ட்ராசவுண்டில் உள்வரியே தடித்ததுபோல் காட்டும். உள்ளே சிறு கேமரா விட்டுப் பார்த்தால் பல நேரம் மெல்லிய வரிதான் இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் 'ஒன்றுமில்லை' என்று தள்ளிவிடாதே. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த மாத்திரை கருப்பை உள்வரிப் புற்றின் வாய்ப்பைக் கூட்டுவது உண்மை. நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், பெட் ஸ்கேனில் உள்வரி ஒளிர்ந்தாலும் மகளிர் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும். பயந்துபோய் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சனிக்கிழமை கொமுட்டரில் பிரிக்பீல்ட்ஸ் வருகிறேன். அக்காவின் பழைய படங்களைத் தேடி வை. டாக்டரிடம் கேட்க வேண்டியதைச் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
சித்தி