முப்படைகளின் தகவல் தொழில்நுட்பக் கொள்முதல்: பொதுக் கட்டமைப்பின் தேவை

நாட்டின் பாதுகாப்பு படைக்கலங்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. எல்லைப்புற ராடார் ஒன்று எதிரி விமானத்தைக் கண்டறிந்த செய்தி, அதனை வீழ்த்த வேண்டிய படைப்பிரிவுக்கு எத்தனை விநாடிகளில் சென்று சேருகிறது என்பதையும் அது பொறுத்திருக்கிறது. ராடார் விமானப்படையைச் சேர்ந்ததாகவும், விமான எதிர்ப்புப் பீரங்கி தரைப்படையைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். இவ்விரண்டின் கணிப்பொறி அமைப்புகளும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு ஒப்பந்தங்களின்படி வாங்கப்பட்டு, ஒன்றன் செய்தியை மற்றொன்று படிக்க இயலாதவையாக இருப்பின், இரண்டும் தனித்தனியே சிறந்தவையாக இருந்தும் பயனில்லை. ஆகவே, தகவல் தொழில்நுட்பத்தைப் படைகள் எவ்வாறு வாங்குகின்றன என்பது அலுவலகக் கோப்புகளோடு முடிந்துவிடும் பிரச்சினையன்று. அது வீரர்களின் உயிரோடு தொடர்புடையது.

வேறுபாடு எங்கே?

டாங்கியோ போர்க்கப்பலோ வாங்கும்போது அதன் பயன்பாட்டுக் காலம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் என்று கணக்கிடப்படுகிறது. எனவே, தேவையை விரிவாக வரையறுத்து, பாதுகாப்புக் கொள்முதல் மன்றத்தின் ஒப்புதல் பெற்று, ஒப்பந்தப்புள்ளி கோரி, களச் சோதனை நடத்தி, விலை பேசி, தகுதியுள்ள அதிகாரியின் இசைவுடன் ஒப்பந்தம் செய்யும் நீண்ட நடைமுறை அதற்குப் பொருத்தமானது. பொதுப்பணத்தைக் காக்க இப்படிகள் அனைத்தும் இன்றியமையாதவை.

கணிப்பொறியின் நிலை வேறு. நான்கைந்து ஆண்டுகளில் அதன் தலைமுறை மாறிவிடுகிறது. மென்பொருளோ ஒவ்வொரு மாதமும் திருத்தப்பட வேண்டியது. புதிய குறைபாடு ஒன்று வெளிப்பட்டால், சில நாட்களுக்குள் அதனைச் சரிசெய்தாக வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சராக இருந்த வில்லியம் லின் 2010-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஒரு கணிப்பொறி அமைப்புக்கு நிதி ஒதுக்கப்பட்டதிலிருந்து அது செயல்படத் தொடங்கும் வரை அத்துறையில் சராசரியாக 81 மாதங்கள் ஆகின்றன என்று குறிப்பிட்டார். ஐபோன் உருவாக்கப்பட்டதோ 24 மாதங்களில் என்றும் அவர் சுட்டிக்காட்டினார். டாங்கி வாங்குவதற்கு ஏற்ற நடைமுறையைக் கணிப்பொறிக்கும் அப்படியே பின்பற்றினால், வந்து சேரும் நாளிலேயே அது பழையதாகிவிடும் என்பதே இதன் பொருள்.

தனித்தனியாக வாங்குவதன் விளைவுகள்

ஒவ்வொரு திட்டமும் தனக்கென்று தகவல் மையம், தனக்கென்று வலையமைப்பு, தனக்கென்று கடவுச்சொல் முறை ஆகியவற்றை அமைத்துக்கொள்ளும்போது மூன்று தீமைகள் விளைகின்றன. முதலாவது, செலவு. பகலில் நிரம்பியும் இரவில் வெறுமையாகவும் இயங்கும் பத்துத் தகவல் மையங்களுக்கு மின்சாரம், குளிரூட்டல், காவல் அனைத்தும் பத்து மடங்கு தேவை. இரண்டாவது, காலம். உண்மையில் தேவைப்படும் மென்பொருளை எழுதத் தொடங்கும் முன்பே, அடித்தளத்தை அமைப்பதில் ஆண்டுகள் கழிகின்றன. மூன்றாவது, பாதுகாப்புக் குறைவு. பத்து வாயில்கள் உள்ள கோட்டையில் பத்து வாயில்களுக்கும் சமமான காவல் இடுவது அரிது. எதிரிக்கோ ஒரு வாயில் போதும்.

இதற்கு மாற்றாக அமைவதே பொதுக் கட்டமைப்பு. ஏரிப் பாசனத்தை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். ஒவ்வோர் உழவரும் தம் வயலுக்கென ஏரி வெட்டுவதில்லை. ஏரியும் கரையும் வாய்க்காலும் ஊருக்குப் பொது. பயிர் அவரவர் விருப்பம். அதுபோல, ஒளியிழை வடங்கள், தகவல் மையங்கள், மேகக் கணிமை வசதி, அடையாளச் சரிபார்ப்பு, மின்னஞ்சல், இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு ஆகியவை அனைத்துப் படைகளுக்கும் பொதுவாக ஒருமுறை வாங்கப்பட வேண்டும். அவற்றின்மீது தத்தம் பணிக்குரிய மென்பொருளை அந்தந்தப் படை தனியே அமைத்துக்கொள்ளலாம். நீர்மூழ்கிக் கப்பலின் தேவையும் மலைப்படையின் தேவையும் ஒன்றல்ல. ஆயினும், இரண்டுக்கும் வேண்டிய அடையாளச் சரிபார்ப்பு முறை ஒன்றாகவே இருக்க இயலும்.

பாதுகாப்பு அனுமதியில் கிடைக்கும் பயன்

காலதாமதத்துக்குப் பெருங்காரணம் பாதுகாப்புச் சோதனையாகும். எந்த மென்பொருளும் படை வலையமைப்பில் இயங்குவதற்கு முன் அனுமதி பெற வேண்டும். பொதுக் கட்டமைப்பு இதனை எவ்வாறு எளிதாக்குகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் அமைப்பில் 100 பாதுகாப்பு அம்சங்கள் சோதிக்கப்பட வேண்டும் என்றும், அவற்றுள் 70 அடித்தளத்தைச் சேர்ந்தவை, 30 மென்பொருளைச் சேர்ந்தவை என்றும் கொள்வோம். பத்து மென்பொருள்கள் தனித்தனி அடித்தளங்களில் அமைந்தால் 1,000 சோதனைகள் தேவை. ஒரே அடித்தளத்தில் அமைந்தால், அடித்தளத்துக்கு 70, மென்பொருள்களுக்கு 300 என 370 சோதனைகள் போதும். பதினோராவது மென்பொருள் வரும்போது கூடுதலாக 30 சோதனைகளே தேவைப்படும். அடித்தளம் பெற்ற அனுமதி அதன்மீது அமையும் ஒவ்வொன்றுக்கும் மரபுரிமைபோல் வந்து சேருகிறது. இம்முறை பயனளிக்க வேண்டுமாயின், ஒரு படை நடத்திய சோதனையை மற்றொரு படை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. தொழில்நுட்பத்தைக் காட்டிலும் இந்த மனமாற்றமே கடினமானது.

அமெரிக்காவின் அனுபவம்

இத்துறையில் அமெரிக்கா பெற்ற வெற்றிகளைப் போலவே தோல்விகளும் பாடம் புகட்டுபவை. அந்நாட்டு விமானப்படை, 200-க்கும் மேற்பட்ட பழைய தளவாடக் கணக்கு அமைப்புகளை ஒரே அமைப்பாக்கும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சுமார் 100 கோடி டாலர் செலவிடப்பட்ட பின்பும், முதலில் எண்ணிய பணிகளில் நான்கில் ஒரு பங்கை நிறைவேற்றவே மேலும் 110 கோடி டாலர் தேவை என்று தெரியவந்தது. 2012 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அனைத்தையும் ஒரே பாய்ச்சலில் ஒன்றாக்க முயல்வது பேராபத்து என்பது இதனால் புலனாகும்.

மற்றொரு பாடம் மேகக் கணிமை ஒப்பந்தத்தில் கிடைத்தது. பத்தாண்டுகளில் 1,000 கோடி டாலர் வரை மதிப்புடைய ஒப்பந்தம் 2019 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் என்னும் ஒரே நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. போட்டி நிறுவனமான அமேசான் வழக்குத் தொடுத்தது. 2021 ஜூலையில் ஒப்பந்தம் ரத்துச் செய்யப்பட்டது. பின்னர் 2022 டிசம்பரில், 900 கோடி டாலர் உச்சவரம்புடன் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் ஆகிய நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒப்பந்தம் அளிக்கப்பட்டது. ஒவ்வொரு பணிக்கும் அந்நால்வரிடையே போட்டி நிகழும். பொதுக் கட்டமைப்பு என்பது ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதன்று என்னும் உண்மை இதில் தெளிவாகிறது. இதற்கிடையே, 2020-இல் மென்பொருளுக்கெனத் தனிக் கொள்முதல் வழி ஒன்றையும் அந்நாடு வகுத்தது.

இந்தியாவில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள்

கார்கில் போருக்குப் பின் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவும், அதனையொட்டிய அமைச்சர்கள் குழுவும் படைகளின் ஒருங்கிணைப்பை வலியுறுத்தின. 2001-இல் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணியாளர் தலைமையகம் தோன்றியது. 2020 ஜனவரி 1 அன்று முப்படைகளின் முதல் தலைமைத் தளபதியாக ஜெனரல் பிபின் ராவத் பொறுப்பேற்றார்.

வலையமைப்புத் துறையில் முன்னேற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. 2010 செப்டம்பரில் விமானப்படையின் ‘ஆஃப்நெட்’ வலையமைப்பு தொடங்கிவைக்கப்பட்டது. அப்படையின் ஒருங்கிணைந்த வான் கட்டளை, கட்டுப்பாட்டு அமைப்பு இதன்மீதே இயங்குகிறது. 2016 ஜூனில் சுமார் 600 கோடி ரூபாய் செலவில் முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்புத் தகவல் தொடர்பு வலையமைப்பு செயலுக்கு வந்தது. அலைக்கற்றைக்கு மாற்றான வலையமைப்புத் திட்டம் இவை யாவற்றினும் பெரிது. படைகள் தம்வசமிருந்த அலைக்கற்றையைப் பொதுமக்களின் தொலைபேசிச் சேவைக்கு விட்டுக்கொடுக்க, அதற்கு ஈடாகப் படைகளுக்கென்றே ஒளியிழை வலையமைப்பை பி.எஸ்.என்.எல். அமைத்துத் தருவது இத்திட்டம். 2012-இல் 13,334 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற இதற்கு, 2018 மே மாதத்தில் மேலும் 11,330 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை அனுமதித்தது. ஒரே முதலீடு நாட்டுப் பாதுகாப்புக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் ஒருங்கே துணைபுரியும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தரைப்படையின் வான் பாதுகாப்புக்கான ‘ஆகாஷ்தீர்’ அமைப்புக்கு 2023 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் 1,982 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமாயிற்று. இது விமானப்படையின் கட்டளை அமைப்புடன் இணைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானிலிருந்து வந்த ஆளில்லா விமானங்களையும் ஏவுகணைகளையும் எதிர்கொண்டபோது இந்த இணைப்பு பெரிதும் உதவியதாக அரசு தெரிவித்தது. இரு படைகள் தனித்தனியே வாங்கிய அமைப்புகளானாலும், அவை ஒன்றோடொன்று பேசும் வகையில் அமைந்ததே இங்குப் பயனளித்தது.

நடைமுறை விதிகளிலும் மாற்றம் வந்தது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையில் தகவல் தொடர்புத் தொழில்நுட்ப அமைப்புகளுக்கெனத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. சாதனங்களை விலைக்கு வாங்காமல் குத்தகைக்குப் பெறவும் வழி செய்யப்பட்டது. அன்றாடப் பொருள்களுக்கு 2016-இல் தொடங்கிய அரசு மின்-சந்தை உதவுகிறது.

ஓய்வூதியச் சேவை ஓர் எடுத்துக்காட்டு

பொதுச் சேவை போர்க்களத்துக்கு மட்டும் உரியதன்று. முன்பு படைவீரர் ஓய்வூதியம் பல வங்கிகள், கருவூலங்கள், அலுவலகங்கள் வாயிலாக வழங்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த ‘ஸ்பர்ஷ்’ என்னும் ஒரே அமைப்பு, ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு, முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துகிறது. விதி மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஆயினும், பழைய பதிவேடுகளில் பெயர், பிறந்த தேதி ஆகியவை முரண்பட்டிருந்தவர்கள் மாற்றத்தின்போது சிரமத்துக்கு ஆளாயினர். கிராமத்தில் வாழும் முதிய விதவைக்கு ஓர் எழுத்துப் பிழையும் ஒரு மாத வருவாயை நிறுத்திவிடக்கூடும். எனவே, பழைய விவரங்களைச் செம்மைப்படுத்துவது திட்டத்தின் முதற்பணியாதல் வேண்டும். நேரில் சென்று உதவி பெறும் மையங்களும் உடன் அமைய வேண்டும்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

பொதுவானது பழுதடைந்தால் பாதிப்பும் பொதுவானதே. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் திருத்தம் ஒன்றில் ஏற்பட்ட பிழையால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் செயலிழந்தன; விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தவித்தன. படை அமைப்புகளில் இத்தகைய நிலை ஏற்படுவதைப் பொறுக்க இயலாது. எனவே, பொதுக் கட்டமைப்புக்கு மாற்று மையம் வேறிடத்தில் இருக்க வேண்டும். திருத்தங்கள் சிறு பகுதியில் சோதிக்கப்பட்ட பின்னரே பரவ வேண்டும். தொடர்பு அறுந்தாலும் முன்னணிப் படைப்பிரிவு தன் பணியைத் தொடரும் திறன் பெற்றிருக்க வேண்டும். மேலும், இரகசியத் தரவுகள் நாட்டின் எல்லைக்குள், அரசின் கட்டுப்பாட்டில் உள்ள மையங்களிலேயே இருத்தல் அவசியம்.

செலவைப் பகிர்தல் மற்றொரு சிக்கல். ஏரியைத் தூர்வாரும் பொறுப்பு எவருக்கும் இல்லையெனில் ஏரி தூர்ந்துபோகும். பயன்படுத்தும் அளவுக்கேற்பக் கட்டணம் வசூலித்து, அத்தொகையால் சேவையைப் பராமரிக்கும் சுழல்நிதி முறையை அமெரிக்கப் படைகள் கையாளுகின்றன. கட்டமைப்பை அமைப்பது மூலதனச் செலவு, ஆண்டுதோறும் அதனை இயக்குவது வருவாய்ச் செலவு எனப் பிரியும் நிதி முறையில், பின்னதற்கு உரிய ஒதுக்கீடு தொடக்கத்திலேயே உறுதிசெய்யப்படாவிடின் நல்ல அமைப்பும் சில ஆண்டுகளில் நலிந்துவிடும்.

செய்யத்தக்கவை

புதிய திட்டம் ஒன்றை ஆராயும் அதிகாரி சில கேள்விகளை எழுப்பினாலே பெரும்பயன் விளையும். இத்திட்டம் கேட்கும் தகவல் மையமும் வலையமைப்பும் ஏற்கெனவே உள்ளனவா? பிற படைகளின் அமைப்புகளுடன் தரவு பரிமாறுவதற்கான பொது விதிகளை இது பின்பற்றுகிறதா? மென்பொருளின் மூல நிரலும் தரவும் அரசின் உரிமையில் இருக்குமா? விற்பனையாளரை மாற்ற நேர்ந்தால் வழி உண்டா? சிறு பகுதியை முதலில் பயன்பாட்டுக்குக் கொணர்ந்து, வீரர்களின் கருத்தறிந்து விரிவுபடுத்த ஒப்பந்தம் இடமளிக்கிறதா? குறைந்த விலையை மட்டும் நோக்காது, பத்தாண்டுக் காலப் பராமரிப்புச் செலவையும் கணக்கில் கொள்வது சிக்கனத்துக்கு எதிரானதன்று. அதுவே உண்மையான சிக்கனம்.

ஒவ்வொரு படைக்கும் தனிப் பெருமையும் மரபும் உண்டு. அவற்றைப் போற்றிக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்வது இயலாததன்று. எல்லையில் நிற்கும் வீரருக்கு எந்தப் படையின் கணிப்பொறி செய்தி அனுப்பியது என்பது பொருட்டல்ல. செய்தி உரிய நேரத்தில் வந்ததா என்பதே முக்கியம். கொள்முதல் நடைமுறையின் வெற்றியை அளக்கும் அளவுகோலும் அதுவே.