சங்கிலி டம்ளரும் வருகைப் பதிவேடும்

கோம்பை

அன்பு பாப்பாவுக்கு,

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து விடுதித் துணைக் காப்பாளராகவும் ஆகிவிட்டாய், எனக்கு இன்னும் பாப்பா என்றுதான் எழுத வருகிறது. பொறுத்துக்கொள்.

ஜூனில் கல்லூரி திறப்பதற்குள், காய்ச்சல் பரவினால் என்ன செய்வது என்று திட்டம் எழுதித் தரும்படி முதல்வர் கேட்டதாகச் சொன்னாய். "கொரோனாவுக்கு எழுதுன பழைய ஃபைல்லயே தேதிய மாத்திக் குடுத்துரவா பெரியப்பா?" என்றும் கேட்டாய். வேண்டாம். அந்த ஃபைல் கல்லூரியை மூடிவிட்டு எழுதியது. ஃப்ளூ வரும்போது கல்லூரி நடந்துகொண்டுதான் இருக்கும். 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை விடுமுறை விட்டார்கள். நம் மாநிலத்தில் மார்ச் 10 அன்று ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்களே தவிர, கல்லூரிகளை மூடவில்லை. வகுப்பும் தேர்வும் நடக்கிற கல்லூரிக்குத்தான் நீ திட்டம் எழுத வேண்டும்.

2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்ததே, அப்போது நான் வேறு ஊரில் ஒரு கல்லூரி விடுதிக்குக் காப்பாளர். ஏப்ரலில் மெக்சிகோ என்று பேப்பரில் படித்தோம். ஆகஸ்ட் தொடக்கத்தில் புனேயில் ஒரு பள்ளி மாணவி இறந்தாள், நாட்டின் முதல் சாவு அது. அந்த மாதமே சென்னையிலும் ஒரு குழந்தை. எங்கள் கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. வாசலில் பேனர் கட்டினோம், பேரணி போனோம். அதே வாரம் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் காய்ச்சலோடு வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தான். காலையில் மெஸ்ஸில் இட்லியோடு ஒரு பாராசிட்டமால், மதியம் ஒன்று. நான்காம் நாள் பெஞ்சிலேயே சுருண்டு படுத்த பிறகுதான் தெரிந்தது. ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "அட்டென்டன்ஸ் 75-க்குக் கீழ போயிரும் சார், கண்டொனேஷன் கட்ட வீட்டுல காசு இல்ல" என்றான். அவன் இருந்த வரிசை அறைகளில் மொத்தம் பதினோரு பேர் படுத்தார்கள்.

மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் தெரிவதற்கு முதல் நாளே அது அடுத்தவனுக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. அதன்பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை தொற்றும். எனவே உன் திட்டத்தின் முதல் பக்கத்தில் சோப்பு, முகக்கவசம் எல்லாம் வரக்கூடாது. வருகைப் பதிவுதான் வரவேண்டும். காய்ச்சல், இருமலோடு இருப்பவர் அறையிலேயே இருக்கட்டும், வருகையில் வெட்டு கிடையாது, விட்டுப்போன உள்மதிப்பீட்டுத் தேர்வை மறுபடி எழுதலாம், மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தபிறகு வகுப்புக்கு வரலாம். இதை எழுதி முதல்வரின் கையெழுத்தை இப்போதே வாங்கிவிடு. முதல் மூன்று நாளுக்கு டாக்டர் சான்றிதழ் கேட்காதே. கேட்டால் அந்தக் காகிதத்துக்காகவே பிள்ளைகள் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்று இருமுவார்கள். பொய் சொல்லி லீவு போடுவார்கள் என்று மூத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். போடுவார்கள்தான். பத்துப் பேர் கம்பத்துக்குப் படம் பார்க்கப் போகட்டும், அதனால் யாருக்கும் மூச்சு முட்டாது.

அடுத்தது ஜன்னல். கல்லூரி திறக்கிற சமயமும் நம் பள்ளத்தாக்கில் மேல்காற்றும் சாரலும் தொடங்குகிற சமயமும் ஒன்று. ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் அட்டையைச் செருகி, ஓர் அறையில் நாலு பேர் போர்த்திப் படுப்பார்கள். மழைக்காலத்தில் ஃப்ளூ ஏறுவதற்கு இந்த மூடிய அறையும் ஒரு காரணம். காற்று வருகிற பக்கத்தைச் சாத்தினால் மறுபக்கத்தையாவது திறந்து வைக்கச் சொல். தண்ணீர் டிரம்மில் சங்கிலி போட்டு ஓர் எவர்சில்வர் டம்ளர் தொங்குமே, அதைக் கழற்றிவிடு. விடுதியே வாய் வைக்கிற டம்ளர் அது.

சிக் ரூமுக்குத் தனிக் கழிப்பறையோடு இரண்டு அறை கேள். கட்டில்களுக்கு நடுவே ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். பார்த்துக்கொள்ள ஒரே ஆள், உள்ளே போகும்போது முகக்கவசம், ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. கொரோனாவின்போது வாங்கின ஆக்ஸிமீட்டர் எங்காவது மேஜை டிராயரில் கிடக்கும், பேட்டரி மாற்றி வை.

காய்ச்சல் என்றதும் பையைக் கட்டி ஊருக்கு அனுப்புகிற பழக்கம் எனக்கும் இருந்தது. தப்பு. அந்தப் பிள்ளை குமுளி பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்து இருமிக்கொண்டு போகும். வீட்டில் அம்மா விடியற்காலையில் கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவள். அந்த ஜீப்பில் நெருக்கியடித்து எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். ஒரு வாரக் கூலி போனால் அந்த வீடு என்ன செய்யும்? பெற்றவர்களே சொந்த வண்டியில் வந்து அழைத்துப் போனால் அனுப்பு. இல்லையென்றால் விடுதியிலேயே வைத்துக் கஞ்சி கொடு.

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், உதடோ நகமோ நீலம் பாரித்தல், கூப்பிட்டால் மயக்கமாக முழித்தல், ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே. இவற்றில் ஒன்று இருந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிடு. உத்தமபாளையம் அரசு மருத்துவமனை பக்கத்தில்தான். அங்கிருந்து மேலே அனுப்பினால் தேனியையும் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போகவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கிற தூரம் இல்லை அது. ஆஸ்துமா, சர்க்கரை, இருதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணி ஊழியர்கள் ஆகியோரின் பட்டியல் முன்கூட்டியே உன் கையில் இருக்கட்டும். அவர்களுக்கு லேசான காய்ச்சல் என்றாலும் அன்றே டாக்டரிடம் காட்டு. ஓசெல்டாமிவிர் மாத்திரை இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும். இருமல், தொண்டை வலி இல்லாத காய்ச்சலை ஃப்ளூ என்று நீயே முடிவு கட்டாதே, டெங்குவாக இருக்கலாம்.

ஃப்ளூ தடுப்பூசி வருடா வருடம் போடுகிற ஊசி, பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். எல்லோருக்கும் போட நிர்வாகத்திடம் பணம் இருக்காது. சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், காப்பாளர், அந்தப் பட்டியலில் உள்ளவர்கள், இவர்களுக்காவது கேள். சமையல்காரர் படுத்தால் விடுதியே படுக்கும்.

நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாம் என்று என்.எஸ்.எஸ். பிள்ளைகள் வருவார்கள். கொடுக்கட்டும், ஆசையைக் கெடுக்காதே. 2009-ல் நாங்களும் கொடுத்தோம், நூறு பேரை ஒட்டி ஒட்டி நிற்க வைத்து, நாலே டம்ளரில். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

திட்டம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம், யாரும் படிக்கமாட்டார்கள். எழுதியதும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. முதல் பக்கத்தில் வருகைப் பதிவு பற்றிய வரி இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
பெரியப்பா