குதிரைக்குப் புல் வாங்கும்போது மாட்டை மறந்துவிடுங்கள்

நுவரெலியா ஏரிக்கரையில் பிள்ளைகளைச் சுமந்து களைத்த ஒரு குதிரை, ஆடி மாதம் பண்ணைப் பாலத்தால் லொறியில் வந்து அல்லைப்பிட்டியில் எங்கள் வளவில் இறங்கியது. பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "உதுக்கு என்னடா தம்பி போடப் போறாய்?" "மாட்டுக்குப் போடுற வைக்கல்தான் ஆச்சி" என்றேன். கார்த்திகையில், மாரி பிடித்த ஓர் இரவு, அந்தக் குதிரை மணலில் விழுந்து புரண்டது. எழும்பும், தன் வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், மறுபடி விழும். மிருக வைத்தியர் வந்து விடியும்வரை நின்று பார்த்தார். போகும்போது வைக்கல் போரில் ஒரு பிடி உருவி மணந்துவிட்டு என்னிடம் நீட்டினார். கனகாலம் பூட்டிக் கிடந்த பெட்டகத்தின் மணம். அதே போரிலிருந்து உருவியதை எங்கள் பசு அப்போதும் அசைபோட்டுக்கொண்டு நின்றது.

பிழை அங்கேதான் இருந்தது. மாடு தின்றதை முதலில் பெருவயிற்றில் போட்டுப் புளிக்கவைக்கிறது. ஓரளவு நஞ்சையும் பூஞ்சணத்தையும் அங்கேயுள்ள நுண்ணுயிர்களே சமாளித்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதன் வயிறு சின்னது. நார் செரிப்பது கடைசியில், பெருங்குடல் பக்கத்தில். தவறானது உள்ளே போனால் வாந்தி எடுக்கவும் முடியாது. எனவே எங்கள் ஊரில் மாடு வளர்த்துப் பழகிய கண்ணால் குதிரைக்குப் புல் தெரிவு செய்யக் கூடாது.

இந்தப் பிழைக்கு எங்கள் கடலோரத்தில் வயது கூட. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் கப்பல்களைப் பற்றிப் பேசுகிறது. சாதாரணச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி அரசனுக்கு. ஆனை குதிரை ஏற்றிவந்தது உடைந்தால் கால் பங்குதான் அரசனுக்கு, மிச்சம் உடையவனுக்கு. அவ்வளவு தேவை இருந்திருக்கிறது. 1977இல் தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் எங்கள் அல்லைப்பிட்டி மணலைக் கிண்டிச் சோங் காலத்துச் சீனப் பாண்டங்களை எடுத்ததும் அதே கடல்வழியின் மிச்சந்தான். அந்தக் கல்வெட்டுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து எதிர்க்கரைப் பாண்டி நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கடல் கடந்து வரும் குதிரைகளுக்குச் சோற்றோடு இறைச்சியும் அவித்துக் கொடுக்கிறார்கள் என்றும், அவை ஆண்டுதோறும் செத்துப்போகப் புதியவை வாங்குகிறார்கள் என்றும் சொல்கிறார். நான் வைக்கல் கொடுத்ததை அதோடு ஒப்பிட்டுக் கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்து, "அவை தாங்களாகவே வாழுது தானே" என்பவர்கள் உண்டு. அவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த கட்டாக்காலிகள்; 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட வெளியில் திரிகின்றன. கோடையில் புல்லும் நீரும் வற்றும்போது அவை படும் பாட்டைக் குறிகட்டுவானில் படகேறிப் போய்ப் பார்த்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். ஆனால் அவற்றிடம் கற்க ஒன்று இருக்கிறது: குனிந்த தலை நிமிராமல், நாளில் பாதிக்கு மேல் நடந்து நடந்து மேய்கின்றன. கட்டிவைத்த குதிரைக்கும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக, வாய் ஓயாமல்.

முதலில் கணக்கு

குதிரையை நிறுக்க ஊரில் தராசு கிடையாது. கயிறு போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை இன்னோர் அளவு. தையல் நாடா 150 சென்றிமீற்றரோடு முடிந்துவிடும், ஆகவே கயிற்றால் எடுத்து நாடாவில் வையுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். எங்களுடையது சுற்றளவு 150, நீளம் 158. ஏறக்குறைய 300 கிலோ.

நாளொன்றுக்கு உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்புல். 300 கிலோவுக்கு 6 கிலோ. பங்குனி கடைசியிலிருந்து ஐப்பசிவரை பச்சைப்புல்லை நம்ப முடியாத நாட்கள் 210 என்று வையுங்கள்: 1,260 கிலோ. மிதித்தும் சிந்தியும் போவதைச் சேர்த்தால் 1,450 கிலோ கையில் இருக்க வேண்டும். நாலு கிலோவுக்கு மேல் பச்சைப்புல் காய்ந்தால்தான் ஒரு கிலோ உலர்புல் வரும். இந்த மணல் வளவில் அவ்வளவு புல்லும் முளைக்காது. பாதியை நீங்கள் வெட்டலாம், மிச்சத்தை வாங்கத்தான் வேண்டும்.

எந்தப் புல்

அறுகுதான் முதல் தெரிவு. மென்தண்டு, இலை கூட, குதிரை விரும்பித் தின்னும். கினிப் புல்லைப் பூ எட்டிப் பார்க்கும் பருவத்தில் வெட்டினால் நல்லது. விதை கட்டிவிட்டால் தடி.

மாடு வளர்ப்பவர்கள் எல்லோரும் வேலியோரம் வைத்திருக்கும் சீஓ-3 போன்ற நேப்பியர் இனத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதில் ஒட்சலேற்று கூட. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அதையே தின்றால் குதிரையின் எலும்பு இளகி, முகம் இரு பக்கமும் வீங்கும். வாரத்தில் சில நாள் மற்றதோடு கலந்து போட்டால் பயமில்லை.

வைக்கல்? முழுதாக விலக்கத் தேவையில்லை. மணலில் இது ஒன்றுதான் மலிவு. ஆனால் சத்துக் குறைவு, சிலிக்கா கூட, நீளத் தண்டு குடலில் சுருண்டு அடைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் இப்போது போடுவதில்லை. அதுவும் கையால் அரிந்த வைக்கல் கிடைத்தால் மட்டும். மெசின் வெட்டிய வைக்கல் வயலில் கிடந்து புழுதியையும் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது.

இனி வேண்டாதவை. இப்பில் இப்பில் குழை ஆட்டுக்கு அமுதம். குதிரைக்குப் போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். சீமைக்கிளுவையும் வேண்டாம். அலரி இலை காய்ந்தாலும் நஞ்சு போகாது. வீட்டு முற்றத்தில் அலரி நிற்கும் இடத்தில் புல் அரியவே அரியாதீர்கள். ஆமணக்கு விதை, ஊமத்தை, நாயுண்ணி, பாதீனியம், இவற்றில் எது கட்டுக்குள் கண்டாலும் கட்டைத் திருப்பிக் கொடுங்கள். கடற்கரையில் உருண்டு திரியும் இராவணன் மீசை பார்வைக்குப் புல் போலத்தான், ஆனால் ஊசி.

வெட்டிக் காயவிடல்

தை நடுவிலிருந்து மாசி முடியும்வரை. மழை விட்டிருக்கும், நிலத்தில் ஈரம் இருக்கும், வெயில் ஏறும். பனி காய்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்கு அரியுங்கள். மணலில் பரப்பாதீர்கள்; பழைய வலையை விரித்து அதன் மேல் பரப்பினால் மண் ஒட்டாது. நாளில் இரு தரம் புரட்டுங்கள். பின்னேரம் குவித்துத் தறப்பாளால் மூடுங்கள். எங்கள் ஊரில் இரவில் கடற்காற்று விட்ட ஈரம் காலையில் கையில் தெரியும். இரண்டு மூன்று நாள் போதும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிடியை முறுக்குங்கள். தண்டு சடக்கென்று முறிய வேண்டும், இலை பொடியாகக் கூடாது. இன்னும் திடமாகத் தெரிய வேண்டுமானால் உப்புப் பரீட்சை. ஆனையிறவு உப்பை வறுத்து இடித்து எடுங்கள். வறுக்காவிட்டால் உப்பே ஈரம், பரீட்சை பொய்த்துப் போகும். ஒரு போத்தலில் நறுக்கிய புல், ஒரு கரண்டி உப்பு. மூடி இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு மணல் போல உதிர்ந்தால் கட்டலாம். கட்டிபட்டுச் சுவரில் ஒட்டினால் இன்னொரு வெயில். ஈரம் நூற்றுக்கு 15க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் பூஞ்சணம் வந்தே தீரும்.

கட்டு வாங்கும்போது

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து லொறியில் வரும் கட்டுகளை வெளியில் பார்த்து வாங்க வேண்டாம். ஒன்றை அவிழ்க்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பே விடை. வெளிப்பக்கம் வெயிலில் வெளிறியிருப்பது குற்றமல்ல, உள்ளே இளம்பச்சையாக இருக்க வேண்டும். கபிலமாகிப் புகையிலை மணம் வந்தால் சூடேறிய புல். ஒரு பிடியை வெயிலுக்கு எதிரே பிடித்துத் தட்டுங்கள். எழும்பும் தூசி வெண்சாம்பலாகப் பறந்தால் அது மண்ணல்ல, பூஞ்சணத்தின் விதை. அதைச் சுவாசித்த குதிரை மாசக்கணக்கில் இருமும். ஒரே அளவில் ஒரு கட்டு மட்டும் பாரம் கூடியிருந்தால் நடுவில் ஈரம். செத்த எலி, ஓணான் ஏதும் உள்ளே இருந்தால் அந்தக் கட்டைக் குதிரைக்கு ஒரு பிடியும் போடாதீர்கள். பிணத்தில் உண்டாகும் நஞ்சு குதிரையின் தசைகளைத் தளரவைத்து விழுத்தும்.

அடுக்கி வைத்தல்

என் முதல் வருடப் போர் முற்றத்தில், கம்பு நட்டுச் சுற்றி, தலைக்கு ஓலை போட்டு, கல் கட்டிய கயிறு தொங்கவிட்டு, அப்பு காலத்து முறையில் வைத்தது. மாட்டுக்கு அது போதும். போரின் வெளிப்பக்கம் ஒரு முழம் கெட்டாலும் மாடு பார்த்துக்கொள்ளும். குதிரைக்குக் கொட்டில் வேண்டும்.

கொட்டில் மேடான இடத்தில். வாடைப்பக்கத்தை, அதாவது மாரி மழை அடிக்கும் வடகிழக்கை, நிலம்வரை கிடுகால் அடையுங்கள். சோளகம் வரும் பக்கத்தில் இடுப்பளவு மறைப்பு போதும், மேலே காற்றோட வேண்டும். கூரைக்குப் பனையோலை. தகரம் வேகமானதுதான், ஆனால் விடியற்காலையில் உள்பக்கம் வேர்த்துச் சொட்டும். தகரந்தான் இருக்கிறதென்றால் அடியில் ஓலைத் தட்டி ஒன்று கட்டுங்கள்.

மணல் காய்ந்தது போலத் தெரியும். அதற்குக் கீழே மூன்று முழத்தில் தண்ணீர் நிற்கும் ஊர் இது. அந்த ஈரம் மேலேறும். வைரமேறிய பனங்குற்றிகளை ஒரு முழம் இடைவிட்டுப் போட்டு, மேலே சலாகை அடித்து, அதன் மேல்தான் முதல் கட்டு. நிலத்துக்கும் புல்லுக்கும் நடுவில் ஒரு சாண் வெளி இருக்க வேண்டும், பூனை போய் வருமளவுக்கு. பூனை போய்வந்தால் எலி குறையும், எலி குறைந்தால் பாம்பும் குறையும். சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். வரிசைகளுக்கு நடுவில் கை நுழைய இடம். தறப்பாளால் இறுக்கி மூடாதீர்கள், புல் வேர்க்கும். புதுக் கட்டு பின்னால், பழையது முன்னால்.

புதிதாக அடுக்கியதை மூன்று கிழமை காவல் காக்க வேண்டும். அலவாங்கை அடுக்கின் நடுவுக்குள் செலுத்திக் கால் மணித்தியாலம் விட்டு உருவுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. பிடித்திருக்க முடியாமல் கை சுட்டால் அன்றே அடுக்கைப் பிரியுங்கள். 65 பாகை செல்சியசைத் தாண்டிய புல் தானாகவே தீப்பற்றும் பாதையில் இருக்கிறது. பிரிக்கும்போது அருகில் தண்ணீர் வைத்திருங்கள். உள்ளே காற்றுப் பட்டதும் சுவாலை எழும்பலாம்.

போடும் விதம்

நிலத்தில் போட்டால் குதிரை புல்லோடு மணலையும் தின்னும். இந்தத் தீவில் அதற்குப் பயப்பட வேண்டும். மணல் குடலின் அடியில் படிந்து படிந்து ஒருநாள் அடைக்கும். மாதம் ஒருமுறை நிலத்தில் படாத சாணி உருண்டை ஆறு எடுத்து, கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் விட்டுக் கலக்கி, இருபது நிமிடம் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் நின்றால் வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

தொட்டிக்குப் பதில் நாங்கள் பழைய மீன்வலையைப் பையாகத் தைத்துப் புல் நிரப்பித் தொங்கவிடுகிறோம். குதிரை ஒவ்வொரு கண்ணாக இழுத்து மெதுவாகத் தின்கிறது. வலையில் இருக்கும் ஈயக்குண்டுகளை ஒன்று விடாமல் வெட்டி எறியுங்கள். தூண்டில் முள் சிக்கியிருக்கிறதா என்று இழை இழையாகத் தடவிப் பாருங்கள். வெறுமையாகித் தொங்கும்போதும் வலையின் அடி குதிரையின் நெஞ்சுக்கு மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குளம்பு மாட்டும்.

ஒரு புல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பத்து நாள் எடுங்கள். தூசி கொஞ்சம் இருந்தால் போடுமுன் அரை மணித்தியாலம் நனைத்து வடியவிடலாம். பூஞ்சணம் பிடித்ததை நனைத்தும் காப்பாற்ற முடியாது. உலர்புல் தின்னும் குதிரைக்கு நாளுக்கு 25 லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர், அதுவும் நீங்கள் வாயில் வைத்துக் குடிக்கக்கூடிய தண்ணீர். கோடையில் கிணறு உவர்க்கத் தொடங்கினால் குதிரை குடிப்பதைக் குறைக்கும், மூன்றாம் நாள் சாணி இறுகும்.

புரட்டாசிக் கடைசியில் அடித்தட்டுக் கட்டுகளை வெளியே எடுத்து ஒரு வெயில் காட்டுங்கள். கெட்டதைத் தென்னை அடிக்குப் போடுங்கள். பசுவுக்கு வேண்டாம். அது தின்னத்தான் செய்யும், ஆச்சியும் "மாட்டுக்கு என்ன வந்தது" என்று கேட்பா. கன்றுத்தாச்சி என்றால் நான் ஒருபோதும் போடுவதில்லை.